தெரியணுமா, தெரியக்கூடாதா?

இந்த வருஷம் எங்க பேட்ச்ல எம்.எஸ். போறவங்க லிஸ்ட் கொஞ்சம் நீளம். நீங்க இப்போ மூணாவது வருஷத்துல இருந்தா, அடுத்த வருஷம் இதே நேரம் உங்க வீட்டுலயும் இந்தப் பேச்சு ஓடும். ஜி.ஆர்.இ, எஸ்.ஓ.பி, லோன், ஐ-20 எல்லாத்துக்கும் சீனியர்கள்கிட்ட ரெடியா பதில் இருக்கு. வீட்டுல கேக்குற ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் எல்லாரும் ஒரு ஸ்மைலி போட்டுட்டு நகர்ந்துடுறாங்க.

"ஏங்கண்ணு, அங்க எல்லாரும் இடுப்புல துப்பாக்கி வெச்சிருப்பாங்களாமா?"

கேட்டது எங்க அப்பா. எனக்கு மூணு அட்மிட் வந்திருந்தது. டல்லஸ் பக்கம் ரிச்சர்ட்சன்ல இருக்கிற யூ.டி. டல்லஸ், அரிசோனா ஸ்டேட், அப்புறம் சிகாகோவில் இருக்கிற இலினாய் பல்கலைக்கழகம். இதுல டல்லஸ்ல 1000 டாலர் ஸ்காலர்ஷிப் கொடுத்தாங்க. பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனா டெக்சஸ்ல போட்டி போட்டு வாங்குற ஸ்காலர்ஷிப் அந்த அளவுக்கு இருந்தா, வெளிநாட்டு மாணவரும் உள்ளூர்க்காரங்க கட்டுற குறைஞ்ச ஃபீஸையே கட்டலாம். லோன்ல பல லட்சம் குறையும். எங்க வீட்டை அடமானம் வைக்கணுமா வேண்டாமா என்பதே அந்த வித்தியாசத்துலதான் நிக்குது. அப்பா எல்லாக் கணக்கையும் பார்த்துட்டு, கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுச் சொன்னார்: "மத்தது எது வேணா போ. டெக்சஸ் மட்டும் வேண்டாம்."

அவருக்கு டெக்சஸ்னா தொப்பி, குதிரை, துப்பாக்கி. அரிசோனா பத்தி எந்தப் படத்துலயும் அவர் பார்த்ததில்லை, அதனால அது பரவாயில்லை! வீட்டை அடமானம் வைக்கிற விஷயத்தை சினிமா முடிவு பண்ணக் கூடாதுன்னு எனக்குத் தோணுச்சு. அதனால பிராஜெக்ட் செகண்ட் ரிவ்யூக்கு நடுவுல ரெண்டு வாரம் அமெரிக்க மாநிலங்களோட துப்பாக்கிச் சட்டங்களை உட்கார்ந்து படிச்சேன். நான் ஈ.சி.ஈ. மாணவி, வக்கீல் இல்லை. ஆனா நம்ம யூனிவர்சிட்டி ரெகுலேஷனையே படிச்சுப் புரிஞ்சுக்கிட்ட ஆளுக்கு எந்தச் சட்டமும் பெரிய கஷ்டம் இல்லைங்க.

முதல்ல ரெண்டு வார்த்தை. ஓபன் கேரி என்றால் துப்பாக்கியை மத்தவங்க கண்ணுக்குத் தெரியுற மாதிரி, பெரும்பாலும் இடுப்பு உறையில், பொது இடத்துல கொண்டு போறது. கன்சீல்டு கேரி என்றால் சட்டைக்குள்ளயோ கைப்பைக்குள்ளயோ மறைச்சுக் கொண்டு போறது. சட்டை இறுக்கமா இருந்து உள்ளே இருக்கிற துப்பாக்கியோட உருவம் வெளியே புடைச்சுத் தெரிஞ்சா அதுக்கு அங்க 'பிரிண்டிங்'னு பேர். மறைக்கத் தெரியாதவர்னு நக்கல் பண்ணுவாங்களாம். வீட்டுக்குள்ள வெச்சிருக்கிறது வேற சட்டம், தெருவுல கொண்டு போறது வேற சட்டம். நாம பேசப் போறது ரெண்டாவது.

நம்ம ஊர்ல இது ஏன் புரியறதில்லைன்னா, இங்கே தொடக்கப்புள்ளியே வேற. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருக்கவே முடியாது. கேக்குறவர் ஏன் வேணும்னு காரணம் சொல்லணும், அரசு யோசிச்சுக் கொடுக்கும், பெரும்பாலும் கொடுக்காது. தேர்தல் வந்துட்டா, பேங்க் மாதிரி சில விலக்குகள் தவிர, லைசென்ஸ் இருக்கிறவங்களும் ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைக்கணும். எங்க அப்பா பேங்க்ல கேஷியர். அவர் தினமும் பார்க்குற ஒரே துப்பாக்கி வாசல் செக்யூரிட்டி அண்ணனோட இரட்டைக்குழல் துப்பாக்கி. 26 வருஷமா அது ஒரு தடவை கூட வெடிச்சு அவர் பார்த்ததில்லை.

அமெரிக்காவுல இது தலைகீழ். 1791-ல அரசியலமைப்புல சேர்த்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வெச்சுக்கிறதை மக்களோட உரிமைன்னு சொல்லுது. உரிமை ஏற்கெனவே இருக்கு, சட்டம் வந்து அதுல எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் அங்கே சண்டை. அந்தக் குறைப்பை ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்குச் செஞ்சு வெச்சிருக்கு. ஆர்-2017, ஆர்-2021 ரெண்டு ரெகுலேஷனுக்கே நம்ம எக்ஸாம் செல் திணறுது. அங்கே ஒரே சப்ஜெக்ட்டுக்கு 50 ரெகுலேஷன், நடுநடுவே சுப்ரீம் கோர்ட் வேற சிலபஸை மாத்தும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் இங்கே சொல்லிடறேன். இன்னிக்கு நம்மள்ல யாரைக் கேட்டாலும், வெளியே தெரியுற துப்பாக்கிதான் பயமா இருக்குன்னு சொல்லுவோம். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல அப்படி இல்லை. கென்டக்கியும் லூசியானாவும் 1813-லேயே மறைச்சு வைக்கிறதைத்தான் தடை செஞ்சாங்க. நேர்மையான ஆள் வெளியே தெரியவே வெச்சுக்குவான், மறைக்கிறவன்தான் கோழை, கொலைகாரன்னு அப்போ நினைப்பு. பல மாநிலக் கோர்ட்டுகளும் அதையே சொன்னது. போன 40 வருஷத்துல இது அப்படியே கவிழ்ந்திருக்கு. 1987-ல ஃபுளோரிடா, தகுதி இருக்கிற யார் கேட்டாலும் மறைத்து வைக்கிற லைசென்ஸ் கொடுத்தே ஆகணும்னு சட்டம் போட்டது. அதைப் பார்த்து வரிசையா மத்த மாநிலங்களும் போட்டன. 'வெச்சுக்கோ, ஆனா என் கண்ணுல காட்டாதே' என்பதுதான் இப்போ நாகரிகம். நாம ஹாஸ்டல்ல இன்டக்‌ஷன் ஸ்டவ் வெச்சிருக்கிற மாதிரின்னு வெச்சுக்கங்க. வார்டனுக்கும் தெரியும், வெளியே தெரியாத வரைக்கும் பிரச்சினை இல்லை.

இப்போ டெக்சஸ். கௌபாய் நாடு, ஆதிகாலத்துல இருந்தே எல்லாரும் துப்பாக்கியோட திரிஞ்ச இடம்னுதானே நினைக்கிறோம்? 1871-லேயே அங்கே பொது இடத்துல கைத்துப்பாக்கி கொண்டு போறதைச் சில விலக்குகளோட தடை செஞ்சுட்டாங்க. அந்தத் தடை 120 வருஷத்துக்கு மேல இருந்தது! அதை உடைச்ச கதை 1991 அக்டோபர்ல ஆரம்பிக்குது. கில்லீன் என்ற ஊர்ல லூபீஸ் என்ற ஹோட்டலுக்குள்ள ஒருத்தன் பிக்கப் டிரக்கை விட்டு மோதிட்டு இறங்கி 23 பேரைச் சுட்டுக் கொன்னான். அங்கே சாப்பிட வந்திருந்த சுசானா ஹப் என்ற பெண்மணி, சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே வெச்சுட்டு வந்திருந்தார். அங்கேயே அம்மா அப்பா ரெண்டு பேரையும் இழந்தார். என் கையில இருந்திருந்தா நான் தடுத்திருப்பேன்னு ஒவ்வொரு மாநில சட்டமன்றமா போய் சாட்சி சொன்னார். 1995-ல டெக்சஸ் சட்டம் மாறுச்சு. அப்போ கவர்னர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அடுத்த வருஷமே சுசானா ஹப்பும் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

இதை அப்பாகிட்ட சொன்னப்போ அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. "அந்தம்மா சொல்றதும் நியாயமாத்தான் படுது" என்றார். எனக்கு அதுல முழுசா உடன்பாடில்லை. அவ்வளவு கூட்டத்துல, அவ்வளவு பதட்டத்துல, இன்னொரு துப்பாக்கி என்ன செஞ்சிருக்கும்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா ஒரு சட்டத்துக்குப் பின்னாடி பைத்தியக்காரத்தனம் மட்டும்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டு அங்கே போய் இறங்குறது நமக்கு நல்லதில்லை. நாம வாடகைக்குப் போற வீட்டு ஓனரே அந்தம்மா மாதிரி ஒருத்தரா இருக்கலாம்.

1996-ல இருந்து லைசென்ஸோட மறைத்து வைக்கலாம். 2016 ஜனவரியில இருந்து லைசென்ஸ் இருந்தா வெளியே தெரியவும் வைக்கலாம். 2021 செப்டம்பர் 1-ல இருந்து, 21 வயசு நிரம்பி, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை எதுவும் இல்லாதவருக்கு லைசென்ஸே வேண்டாம். அப்போ லைசென்ஸ் எதுக்கு இன்னும் இருக்கு? அதுக்குத்தான் வரேன். சில இடங்களுக்குள்ள போக அது வேணும், அதுல ஒண்ணு காலேஜ்.

கடை வாசல்கள்ல இருந்து ஆரம்பிப்போம். டெக்சஸ்ல கடைக்காரர் தன் கடைக்குள்ள துப்பாக்கி வரக்கூடாதுன்னு சொல்லலாம். ஆனா சும்மா ஒரு துப்பாக்கிப் படத்துல சிவப்புக் கோடு போட்டு ஒட்டினா லைசென்ஸ்காரரை அது கட்டுப்படுத்தாது. சட்டத்துல எழுதியிருக்கிற அதே வாசகம், ஆங்கிலத்துலயும் ஸ்பானிஷ்லயும், ஒவ்வொரு எழுத்தும் குறைஞ்சது ஒரு இன்ச் உயரம், பின்னணிக்கு எதிரான நிறம். 30.06 என்ற பிரிவுப்படி ஒரு போர்டு: மறைத்து வைத்திருக்கும் லைசென்ஸ்காரர் வரக்கூடாது. 30.07-ல இன்னொரு போர்டு: வெளியே தெரிய வைத்திருக்கும் லைசென்ஸ்காரர் வரக்கூடாது. 2021-க்கு அப்புறம் லைசென்ஸ் இல்லாதவங்களுக்காக 30.05-ன்னு மூணாவது. மூணும் வேணும்னா கதவுல கண்ணாடியே தெரியாது. (30-06 என்பது ஒரு பிரபலமான ரைஃபிள் தோட்டாவோட பேரும் கூட. தற்செயலா அமைஞ்சதுதான், ஆனா எழுதினவருக்குச் சிரிப்பு வந்திருக்கும்.) இது போக, சில கதவுகள்ல சிவப்பா பெருசா '51%'னு மட்டும் இருக்கும். டிஸ்கவுண்ட் இல்லைங்க. அந்தக் கடையோட வருமானத்துல 51 சதவீதமோ அதுக்கு மேலயோ அங்கேயே உட்கார்ந்து குடிக்கிற மதுவுல இருந்து வருதுன்னு அர்த்தம். அங்கே துப்பாக்கி கூடாது.

காலேஜ் விஷயம் எங்க அப்பாவுக்கு முக்கியம், உங்களுக்கும் முக்கியமா இருக்கும். டெக்சஸ்ல அரசுப் பல்கலைக்கழகங்கள்ல லைசென்ஸ் இருக்கிறவர் துப்பாக்கியை மறைச்சுக் கொண்டு வரலாம். வகுப்பறைக்குள்ளயும் வரலாம். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த தேதி 2016 ஆகஸ்ட் 1. சரியா 50 வருஷத்துக்கு முன்னாடி, 1966 ஆகஸ்ட் 1-ஆம் தேதிதான் ஆஸ்டின்ல டெக்சஸ் பல்கலைக்கழக மணிக்கூண்டு மேல ஏறி ஒரு மாணவன் கீழே போறவங்களைச் சுட்டுத் தள்ளினான். ஆஸ்டின் பேராசிரியர்கள் மூணு பேர், துப்பாக்கி இருக்கலாம்னு தெரிஞ்ச வகுப்பறையில சிக்கலான விஷயங்களை எப்படித் திறந்து பேசுறதுன்னு கேஸ் போட்டாங்க. 2018-ல அப்பீல் கோர்ட்டும் அதைத் தள்ளுபடி செஞ்சது. தனியார் பல்கலைக்கழகங்கள் வேண்டாம்னு சொல்லிக்கலாம், ரைஸ் மாதிரி பலதும் சொல்லிட்டாங்க. யூ.டி. டல்லஸ் அரசுப் பல்கலைக்கழகம், அதனால அதுக்கு அந்த வசதி இல்லை. ஆனா கேம்பஸ்ல மறைத்து மட்டும்தான். வேணும்னே வெளியே காட்டினா அதுவே குற்றம்.

"அப்போ உன் பக்கத்து பெஞ்ச்ல இருக்கிறவன்கிட்ட இருக்கலாம். உனக்குத் தெரியாது. அதானே?"

அதேதான். அப்பா கேட்டதுக்கு நான் ஆமாங்கப்பான்னுதான் சொன்னேன். ஆனா அந்தப் பெஞ்ச்ல யார் இருப்பாங்கன்னும் சேர்த்துச் சொன்னேன். இந்த இடத்துலதான் என் ரெண்டு வாரப் படிப்பு கொஞ்சம் பிரயோஜனப்பட்டுச்சு.

மத்திய அரசுச் சட்டம் ஒண்ணு இருக்கு, அது எந்த மாநிலத்துக்குப் போனாலும் நம்ம தலைக்கு மேல இருக்கும். எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவுல இருக்கிறவங்க, சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ கையில வைத்திருக்கவே கூடாது. வாங்குறது மட்டும் இல்லை, வைத்திருக்கிறதே குற்றம். எச்-1பி-க்கும் இதே. கிரீன் கார்டு வந்தாத்தான் கதை மாறும். ஆகவே நம்ம எம்.எஸ். கிளாஸ்ல சுத்திமுத்தி உட்கார்ந்திருக்கிற எஃப்-1 கூட்டம் மொத்தத்துக்கும் அந்தக் கேம்பஸ் சட்டம் பொருந்தவே பொருந்தாது. மிச்சம் இருக்கிறவங்கள்ல 21 வயசு ஆகி, வகுப்புக்குப் போய், சுட்டுக் காட்டி டெஸ்ட் பாஸ் பண்ணி, லைசென்ஸ் வாங்கி, அதுக்கு மேல அதைத் தினமும் சிக்னல் பிராசசிங் கிளாஸுக்குத் தூக்கிட்டு வர்றவர் எத்தனை பேர்? எண்ணிக்கை சொல்ல என்கிட்ட டேட்டா இல்லை. அப்பா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார், கேஷியர் பழக்கம்.

இதைப் படிச்சுட்டு இருக்கும்போதுதான் எனக்கு வேறொரு விஷயம் உறைச்சுது. இந்தக் கட்டுரையை எழுதுறதுக்கே அதுதான் காரணம், கொஞ்சம் நிதானமா படிங்க.

நம்ம சீனியர்கள் அங்கே போய் முதல் லாங் வீக்கெண்டுல போடுற போட்டோக்களைப் பார்த்திருப்பீங்க. கோல்டன் கேட், நயாகரா, அப்புறம் காதுல பெரிய இயர்மஃப் மாட்டிக்கிட்டு ஷூட்டிங் ரேஞ்ச்ல ரைஃபிளோட ஒண்ணு. கீழே எல்லாரும் 'தல', 'மாஸ்'னு கமெண்ட். ரேஞ்ச்ல வாடகைக்கு எடுத்து அஞ்சு நிமிஷம் கையில பிடிக்கிறதும் சட்டத்தோட பார்வையில 'வைத்திருப்பது'தான். போட்டோ என்பது நாமே எழுதிக் கொடுக்குற வாக்குமூலம்.

சும்மா பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க. ரெஹாய்ஃப் வழக்குன்னு ஒண்ணு இருக்கு. ஐக்கிய அரபு எமிரேட்ஸ்ல இருந்து ஸ்டூடண்ட் விசாவுல ஃபுளோரிடாவுக்குப் படிக்க வந்தவர். மார்க் சரியில்லைன்னு காலேஜ் அவரை நீக்குச்சு. வேற காலேஜுக்கு மாறலைன்னா, இல்லை நாட்டை விட்டுப் போகலைன்னா, விசா நிலை போயிடும்னும் சொல்லுச்சு. அவர் அங்கேயே இருந்தார். ஒருநாள் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் ரெண்டு துப்பாக்கியில சுட்டார். அவ்வளவுதான், யாரையும் மிரட்டலை, யாருக்கும் காயமில்லை. சட்டவிரோதமா தங்கியிருக்கிறவர் துப்பாக்கி வைத்திருந்தார்னு கேஸ், 18 மாச ஜெயில் தண்டனை. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2019-ல 7-2 என்ற கணக்குல கோர்ட் சொன்னது: தன் நிலை என்னன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு அரசு நிரூபிக்கணும். அவர் பக்கம்தான் தீர்ப்பு. ஆனா கவனிங்க, கோர்ட் தடையை நீக்கலை. தெரிஞ்சிருக்கணும்னு மட்டும்தான் சொல்லுச்சு. இதைப் படிச்சு முடிச்சுட்டீங்கன்னா உங்களுக்கும் தெரியும்!

2022-ல இந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையை 15 வருஷமா உயர்த்திட்டாங்க. அது போக துப்பாக்கிக் குற்றத்துல தண்டனை ஆனா நாடு கடத்தவும் அதுவே ஒரு காரணம். விலக்கு இருக்கு: மாநிலம் கொடுக்குற வேட்டை லைசென்ஸ் செல்லுபடியா கையில இருந்தா, முறையான எஃப்-1 விசாவுல இருக்கிறவருக்கு அந்தத் தடை பொருந்தாது. அதனாலதான் சில பசங்க மானையே பார்த்ததில்லைன்னாலும் வேட்டை லைசென்ஸ் வாங்கிட்டு ரேஞ்சுக்குப் போறாங்க. சட்டப்படி அது சரிதான். என்னைக் கேட்டா, 40 லட்ச ரூபாய் லோனை ஒரு போட்டோவுக்காகச் சின்னத் துண்டுச் சீட்டு மேல ஏத்தி வைக்க மாட்டேன்.

மத்த ரெண்டு அட்மிட்டையும் பார்ப்போம். அரிசோனாவுல 2010-லேயே லைசென்ஸ் தேவை இல்லைன்னு ஆக்கிட்டாங்க, டெக்சஸுக்கு 11 வருஷம் முன்னாடி. வெளியே தெரியுற மாதிரி வைக்க 18 வயசே போதும். ஆனா அரிசோனா ஸ்டேட் கேம்பஸுக்குள்ள துப்பாக்கி கூடாது. தெரு தளர்வு, காலேஜ் கண்டிப்பு. அப்பா 'பரவாயில்லை'ன்னு சொன்ன மாநிலம் இதுதான்.

இலினாய் இன்னும் வேடிக்கை. 50 மாநிலத்துல கடைசியா மறைத்து வைக்க அனுமதிச்சது அதுதான், அதுவும் 2012 டிசம்பர்ல ஃபெடரல் அப்பீல் கோர்ட் தடையை ரத்து செஞ்ச பிறகு, 2013-ல. லைசென்ஸுக்கு 16 மணி நேரப் பயிற்சி. வெளியே தெரிய வைக்கவே கூடாது. பல்கலைக்கழகத்துக்குள்ள கூடாது. காகிதத்துல பார்த்தா மூணுல இதுதான் பத்திரம். ஆனா சிகாகோ பேரைச் சொன்னதும் அம்மா, "அங்கதானே சாமி அடிக்கடி சுடுறாங்கன்னு நியூஸ்ல வருது?" என்றார். சிகாகோ எல்லையைத் தாண்டினா இண்டியானா, அங்கே 2022 ஜூலையில இருந்து லைசென்ஸே தேவையில்லை. ஒரு பக்கம் கேட்டு பூட்டியிருக்கு, பக்கத்துக் காம்பவுண்டுக்குச் சுவரே இல்லை. கண்டிப்பான சட்டம் இருந்தா பத்திரமான தெருன்னு ஒரு ஃபார்முலா எழுத முடிஞ்சா எனக்கு வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்.

மத்த மாநிலத்துக்குப் போறவங்களுக்காக வேகமா ரெண்டு வரி. வெர்மான்ட்ல எப்பவுமே லைசென்ஸ் கேட்டதில்லை. 2024-ல லூசியானாவும் சவுத் கரோலினாவும் சேர்ந்ததும் லைசென்ஸ் வேண்டாம்னு சொல்ற மாநிலங்கள் 29 ஆச்சு. கலிஃபோர்னியாவுல 1967-ல கறுப்பின பிளாக் பாந்தர் இயக்கத்தினர் துப்பாக்கியோட சட்டமன்றத்துக்குள்ள போனாங்க. தோட்டா போட்ட துப்பாக்கியைப் பொது இடத்துல கொண்டு போகக் கூடாதுன்னு அந்த வருஷமே சட்டம் வந்துச்சு. கையெழுத்துப் போட்ட கவர்னர் ரொனால்ட் ரீகன். யார் கையில இருக்கு என்பதைப் பொறுத்து சட்டம் எவ்வளவு வேகமா ஓடுது பாருங்க. நியூயார்க்ல 1911-ல இருந்தே லைசென்ஸ் முறை. தனக்கு விசேஷமான காரணம் இருக்குன்னு நிரூபிச்சாத்தான் தருவாங்க, கிட்டத்தட்ட நம்ம ஊர் மாதிரி. 2022 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் 6-3 கணக்குல அந்த நிபந்தனையை ரத்து செஞ்சு, வீட்டுக்கு வெளியே கொண்டு போறதும் உரிமைதான்னு சொல்லிடுச்சு. உடனே நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் மாதிரி இடங்களைத் துப்பாக்கி கூடாத பகுதின்னு அறிவிச்சு போர்டு வெச்சது. ஒரு மாநில லைசென்ஸ் இன்னொண்ணுல செல்லாமலும் போகும். பென்சில்வேனியா லைசென்ஸோட பாலம் தாண்டி நியூஜெர்சிக்குள்ள போய் கைதானவங்க இருக்காங்க.

இவ்வளவும் சொல்லி முடிச்சதும் அப்பா கேட்டது வேற கேள்வி. "2017-ல ஹைதராபாத் பையன் ஒருத்தனைச் சுட்டாங்களே, அவன் என்ன சட்டத்தை மீறினான்?"

கான்சஸ் மாநிலம் ஒலேத்தா. வேலை முடிஞ்சு நண்பரோட பார்ல உட்கார்ந்திருந்த இன்ஜினியர். எங்கிருந்து வந்தவங்கன்னு பார்த்து வெறுப்புல ஒருத்தன் சுட்டான். அவர் ஒரு சட்டத்தையும் மீறலை. இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. யார் வைத்திருக்கலாம், எங்கே, எப்படின்னு சட்டம் சொல்லும். வைத்திருக்கிறவன் அன்னிக்கு என்ன மனநிலையில இருப்பான்னு எந்தப் பிரிவுலயும் எழுதலை. நான் அதை அப்படியே அப்பாகிட்ட ஒத்துக்கிட்டேன். ரோட்டு விபத்து, அதுவும் நம்ம பைபாஸ், இதெல்லாம் வெச்சு ஒப்பிட்டு அவரை மடக்கியிருக்கலாம். அது அவர் பயத்துக்கு மரியாதை இல்லை.

அதுக்குப் பதிலா நான் என்ன செய்வேன்னு சொன்னேன். போலீஸ் காரை நிறுத்தினா இறங்க மாட்டேன், கை ரெண்டும் ஸ்டியரிங் மேல இருக்கும், கேக்காம டேஷ்போர்டைத் திறக்க மாட்டேன். ரோட்டுல யார்கிட்டயும் ஹாரன் சண்டை கிடையாது. தெரியாத வீட்டு வாசலுக்கு ராத்திரியில போய் நிக்க மாட்டேன், முகவரியை ரெண்டு தடவை பார்ப்பேன். கடைசியா சொன்னது சாதாரணமா தெரியும். 1992-ல லூசியானாவுல, ஹாலோவீன் பார்ட்டிக்குப் போன 16 வயசு ஜப்பானிய மாணவர் வீடு மாறிப் போய் பெல் அடிச்சார். வீட்டுக்காரர் துப்பாக்கியோட வந்து 'ஃப்ரீஸ்'னு கத்தினார். நாம ஃப்ரிட்ஜுக்கு மேல் தட்டுல படிக்கிற வார்த்தை, அங்கே 'அசையாதே'ன்னு அர்த்தம். அந்தப் பையன் சிரிச்ச முகத்தோட முன்னாடி போனார். சுட்டவரைக் கிரிமினல் கேஸ்ல ஜூரி விடுதலை செஞ்சது, பெத்தவங்க போட்ட சிவில் கேஸ்லதான் அவங்களுக்குச் சாதகமா தீர்ப்பு வந்துச்சு. இங்கிலீஷ் மீடியத்துல 14 வருஷம் படிச்ச எனக்கே அந்த வார்த்தை அந்த நேரத்துல உடனே புரிஞ்சிருக்குமான்னு சந்தேகம்தான். போறதுக்கு முன்னாடி நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்கங்க.

அப்பா ரெண்டு நாள் எடுத்துக்கிட்டார். மூணாவது நாள் ஆபீஸ்ல இருந்து வந்து, "டெக்சஸே போட்டுடு. ஆனா அந்த ரேஞ்ச் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது" என்றார். டெபாசிட் கட்டியாச்சு. வீட்டுப் பத்திரம் பீரோலயே இருக்கு. அவர் சமாதானம் ஆயிட்டார்னு சொல்ல மாட்டேன், ராத்திரி அவர் போன்ல டல்லஸ் நியூஸ் பார்க்குறதை நானும் பார்க்குறேன்.

அம்மாகிட்ட ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "கூட தங்குற புள்ளைகிட்ட இருந்தா?" நல்ல கேள்வி. ஒரே அபார்ட்மெண்ட்ல, என் கைக்கும் எட்டுற இடத்துல ரூம்மேட் துப்பாக்கி வெச்சிருந்தா, அது என் கட்டுப்பாட்டுலயும் இருந்ததுன்னு வாதாட அரசு வக்கீலுக்கு இடம் கிடைக்கும். அதனால டல்லஸ் போற பொண்ணுங்க குரூப்ல நாங்க ரூம்மேட் தேட அனுப்புற கூகுள் ஃபார்ம்ல, வெஜ்ஜா நான்-வெஜ்ஜா என்ற கேள்விக்கும், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவீங்க என்ற கேள்விக்கும் நடுவுல, 'துப்பாக்கி வெச்சிருக்கீங்களா, வாங்குற எண்ணம் இருக்கா?'ன்னு ஒரு வரி சேர்த்தேன். இதுவரைக்கும் ஏழு பேர் பதில் போட்டிருக்காங்க. ஆறு பேர் 'இல்லை'. ஒருத்தி மட்டும், 'ஏன்க்கா, உங்ககிட்ட இருக்கா?'ன்னு கேட்டிருக்கா.